கேட்டு வாங்கிய இரண்டு சான்றிதழ்கள்

2024 மே மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பொதுக்கல்விப் பாடங்களுக்கான முழுச் சான்று தர முடியாது, மூன்றாம் பகுதியில் ஒரு பாடம் குறைகிறது என்று இரண்டே வரி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யு.சி.) அர்வைன் வளாகத்தில் இடம் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இனிப்பெல்லாம் கொடுத்து முடித்திருந்தோம்.

அந்தப் பாடத்தை நான் படித்திருந்தேன். கலை வரலாறு. ஏ கிரேடும் வாங்கியிருந்தேன். காரில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் மகளைக் கூப்பிடப் போக இருபது நிமிடம் தாமதம் ஆகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு ஆண்டு படித்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆக நினைக்கிற தமிழ்ப் பெண்கள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். திருமணமாகி வந்து பல வருடம் வீட்டில் இருந்தவர்கள், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள். எல்லாரும் கட்டணத்தைக் கேட்பார்கள், மதிப்பெண்ணைக் கேட்பார்கள். பொதுக்கல்விப் பாடங்களுக்கு ஒன்று, ஆனர்ஸ் என்கிற கூடுதல் உழைப்பு வகுப்புகளுக்கு ஒன்று என்று நாமே கேட்டு வாங்க வேண்டிய இரண்டு சான்றுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு முடிக்கும்போது கல்யாணம். 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்து சேர்ந்தேன். 2020 இலையுதிர் பருவத்தில், வகுப்பெல்லாம் கணினித் திரைக்குள் நடந்த நாட்களில், வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணம். அறுபது செமஸ்டர் யூனிட் சேர்த்தால் யு.சி.யில் நேரே மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேரலாம். அங்கே ஆண்டுக் கட்டணம் மட்டும் பதினான்காயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு ஆண்டை இங்கே முடிப்பதில் மிச்சமாகும் பணம் எங்களைப் போன்ற ஒற்றைச் சம்பளக் குடும்பத்துக்குப் பெரிய தொகை.

ஜி.இ. என்று இங்கே எல்லாரும் சொல்வது பொதுக்கல்விப் பாடங்களை. நம் ஊர்க் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்று இருக்கும் இல்லையா? அந்தப் பகுதி ஒன்றையும் இரண்டையும் நாலைந்து மடங்கு விரித்தால் ஜி.இ. விலங்கியல் படிப்பவரும் கலை வரலாறு படிக்க வேண்டும், சமூகவியல் படிப்பவரும் ஆய்வகத்தில் நிற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு ஜி.இ. பட்டியல் வைத்திருக்கிறது. எந்த வளாகத்தில் இடம் கிடைக்கும் என்று தெரியாத டிரான்ஸ்ஃபர் மாணவர் எந்தப் பட்டியலைப் பின்பற்றுவார்? அதற்காக 1991-இல் யு.சி.க்கும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் (சி.எஸ்.யு.) பொதுவாக ஒரு பட்டியல் வந்தது. ஐகெட்ஸி என்பார்கள். அதை முடித்துச் சான்று வாங்கிவிட்டால், போகிற வளாகம் தன் கீழ்நிலை ஜி.இ. பாடங்களை மறுபடி கேட்காது.

என் கணவருக்கு இதைப் புரியவைக்க எனக்குக் கிடைத்த உதாரணம் வில்லங்கச் சான்று. நிலம் வாங்கும்போது அதன் மேல் பாக்கி எதுவும் இல்லை என்று பதிவு அலுவலகத்தில் வாங்குகிறோமே, அதுபோல. ஜி.இ. சான்று உங்களை உள்ளே சேர்க்காது. சேர்ந்தபின் பழைய பாக்கி என்று எதுவும் உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளும்.

முதல் அடி எனக்கு ஆரம்பத்திலேயே விழுந்தது. திருநெல்வேலியில் படித்த இரண்டு ஆண்டு ஆங்கிலமும் அறிவியலும் இங்கே ஜி.இ.யில் கழிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டி அனுப்பிய பிறகுதான் கல்லூரியின் பாட ஆலோசகர் (கவுன்சிலர்) சொன்னார்: அமெரிக்க அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் கல்லூரிப் பாடங்களை ஐகெட்ஸிச் சான்றில் சேர்க்க விதி இல்லை. அழுகை வந்தது உண்மை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் பள்ளியில் எந்த மொழியில் படித்தீர்கள்?" என்று கேட்டார்.

யு.சி.க்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஐகெட்ஸியில் ஆறாம் பகுதி என்று ஒன்று உண்டு. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். அதற்கு இருக்கும் வழிகளில் ஒன்று, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டாவது வேறு மொழி வழியில் படித்துத் தேறியிருப்பது. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை முழுக்கத் தமிழ் வழி. இங்கே வந்த நாளிலிருந்து யாராவது "எந்த மீடியம்?" என்று கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். அந்தத் தமிழ் வழிதான் என் கணக்கில் முதலில் நிறைவான பகுதி.

அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, எப்பவோ படிச்ச பள்ளிக்கூடத்துச் சீட்டு இப்ப எதுக்கு ஒனக்கு?"

"தமிழ்ல படிச்சேன்னு காட்டணும்மா. இங்க கேக்காங்க."

"அமெரிக்காக்காரனா தமிழ்ல படிச்சியான்னு கேக்கான்?"

அம்மா மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். தலைமை ஆசிரியர் முதலில் கேட்டது, "பொண்ணு டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகுதாம்மா?" என்றுதானாம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவீதம் ஒதுக்கீடு இருப்பதால் அந்தச் சான்றிதழுக்கு அங்கே தினமும் ஆள் வரும். அம்மா விஷயத்தைச் சொன்னதும் பயிற்று மொழி தமிழ் என்று பள்ளித் தாளிலேயே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். மாற்றுச் சான்றிதழ் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் அத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். என்னைப் போலத் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. பாடங்கள் ஜி.இ.யில் சேராது என்பதற்காகத் திருநெல்வேலிக் கல்லூரியை யு.சி. விண்ணப்பத்தில் எழுதாமல் விடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. படித்த கல்லூரி ஒவ்வொன்றையும், பாதியில் விட்டதையும், வெளிநாட்டில் படித்ததையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமே போய்விடும்.

சரி, மே மாதத்துக்கு வருகிறேன். நான் செய்த தவறு என்ன? மேலே சொன்ன கலை வரலாறு, கோடை விடுமுறையில் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் இணையவழியில் எடுத்தது. எங்கள் கல்லூரியில் அந்தப் பருவத்தில் இடம் இல்லை. ஜி.இ. சான்றை வழக்கமாக நீங்கள் கடைசியாகப் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ்தான் தரும். மற்றக் கல்லூரிகளில் எடுத்த பாடங்களையும் அது சேர்த்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கல்லூரிகளின் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) அதன் கையில் இருக்க வேண்டும். எல்லாக் கல்லூரியும் ஒரே அமைப்புதானே, கணினியில் தானாகவே தெரியும் என்று நான் நினைத்துவிட்டேன். தெரியாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லூரி.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. முந்தைய டிசம்பரிலேயே என் கையில் ஒரு சான்றிதழ் இருப்பதாக நம்பியிருந்தேன். பல கல்லூரிகள் ஐகெட்ஸிப் பாடங்களை முடித்தவர்களுக்கு ஒரு சாதனைச் சான்றிதழ் தருகின்றன, பட்டம் போல விண்ணப்பித்து வாங்குவது, அழகான தாளில் அச்சடித்து வரும். அதற்கு விண்ணப்பித்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். பல்கலைக்கழகம் கேட்பது அந்தத் தாளை அல்ல. எந்தப் பகுதியில் எந்தப் பாடம் என்று சரிபார்த்து, கல்லூரியே டிரான்ஸ்கிரிப்டோடு நேரடியாக அனுப்பும் சான்றளிப்பைத்தான். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். சுவரில் மாட்டுவதற்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே பெயரால் சொல்வதால் எத்தனையோ பேர் ஏமாந்து நிற்கிறார்கள். கவுன்சிலரிடம் பேசும்போது "சான்றிதழா, சான்றளிப்பா?" என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். இரண்டும் நீங்கள் கேட்காமல் நடக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை.

பாடம் குறைந்தால் இடம் போய்விடுமோ என்றுதான் அன்று பயந்தேன். அப்படி இல்லை. ஐகெட்ஸியில் இரண்டு பாடம்வரை குறைந்தாலும் பகுதிச் சான்று தர விதி இருக்கிறது, மீதியைச் சேர்ந்தபின் முடிக்கலாம். ஆனால் ஏ வாங்கிய பாடத்தை இன்னொரு முறை படிக்க எனக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அந்தக் கோடைக் கல்லூரிக்கு அன்று மாலையே டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பித்தேன். அப்புறம் அந்தப் பாடம் அங்கே ஐகெட்ஸியின் எந்தப் பகுதியில் பட்டியலிடப்பட்டிருந்தது என்பதையும் தேடி எடுத்து மின்னஞ்சலில் வைத்தேன். பாடம் நடத்திய கல்லூரியின் பட்டியல்தான் கணக்கு. அசிஸ்ட் என்ற இணையதளத்தில் எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் இந்தப் பட்டியல் கிடைக்கும். மேல்படிப்புக்கான முதன்மைப் பாட ஒப்பந்தங்களும் அதில்தான் இருக்கின்றன. ஜூன் நடுவில் முழுச் சான்று அர்வைனுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு வழி சொல்லவா? கடைசிப் பருவம் தொடங்கும் முன் கவுன்சிலரோடு உட்கார்ந்து ஜி.இ. பட்டியலின் ஒவ்வொரு கட்டத்தையும் பேனாவால் நிரப்புங்கள். ஒவ்வொரு பாடத்திலும் சி-யாவது வேண்டும், சி மைனஸ் செல்லாது. ஒரு பாடம் இரண்டு பகுதிக்குப் பொருந்தினாலும் ஒன்றில்தான் எண்ணுவார்கள். அதே பாடம் முதன்மைப் பாடத்துக்கும் ஜி.இ.க்கும் சேர்த்து எண்ணப்படலாம்.

ஆனர்ஸ் கதை வேறு. அதில் எனக்கு விருப்பமே இல்லாமல்தான் நுழைந்தேன். இரண்டாம் ஆண்டு சமூகவியல் அறிமுகப் பாடத்துக்கு எனக்கு வசதியான நேரத்தில் ஆனர்ஸ் பிரிவில் மட்டும்தான் இடம் இருந்தது.

"நாலு பாடத்தையே இழுத்துக்கிட்டு ஓடுற. இதுல ஆனர்ஸ் வேறயா?" என்றார் கணவர்.

"கூட ரெண்டு கட்டுரைதாங்க. மகளைக் கூப்பிடுற நேரத்துக்குள்ள வகுப்பு முடிஞ்சிடும்."

இருபது பேர் இருந்த வகுப்பு. எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிப் பழகியவள் நான். இங்கே ஆசிரியர் ஒரு கட்டுரையைக் கொடுத்து, "இதில் எங்கே உடன்படவில்லை?" என்று கேட்டார். அச்சில் வந்ததோடு எப்படி உடன்படாமல் இருப்பது? முதல் மாதம் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை என்பது பற்றிப் பேச்சு வந்தபோது பேசிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் கூப்பிட்டு ஆனர்ஸ் திட்டத்தில் சேரச் சொன்னார்.

அந்த ஒரு சமூகவியல் பாடம் என் முதன்மைப் பாடத் தயாரிப்பு, ஐகெட்ஸி நான்காம் பகுதி, ஆனர்ஸ் கணக்கு மூன்றிலும் சேர்ந்தது. ஒரே கல்லில் மூன்று மாங்காய். ஆனர்ஸ் என்றால் கூடுதல் யூனிட் என்று பலர் பயந்து விலகுகிறார்கள். எப்படியும் எடுத்தாக வேண்டிய ஜி.இ. பாடங்களின் ஆனர்ஸ் பிரிவை எடுத்தால் யூனிட் கூடாது, உழைப்பு மட்டும்தான் கூடும். நமக்கு வேண்டிய பாடத்துக்கு ஆனர்ஸ் பிரிவே இல்லையென்றால், பல கல்லூரிகளில் ஆசிரியரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்: சாதாரண வகுப்பில் இருந்துகொண்டே கூடுதலாக ஓர் ஆய்வுக் கட்டுரை. பருவம் தொடங்கிய சில வாரங்களுக்குள் கையெழுத்தாக வேண்டும். இரண்டு பாடங்களை நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் கல்லூரியில் ஆறு ஆனர்ஸ் பாடமும் நல்ல சராசரியும் இருந்தால் சான்று. இந்த எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

ஒப்பந்தக் கட்டுரை ஒன்றுக்கு ஆர்ட்டீசியாவின் பயனியர் பொலவார்டில் புருவம் திருத்தும் கடைகளில் வேலை செய்யும் பெண்களோடு பேசினேன். குஜராத்தி, நேபாளி, இரண்டு பேர் தமிழ். நாளெல்லாம் நின்றுகொண்டு, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலை. தங்கள் கழுத்துவலியைப் பற்றி யாரும் கேட்டதில்லை என்றார் ஒருவர். அந்தக் கட்டுரையைக் கலிஃபோர்னியா ஆனர்ஸ் டிரான்ஸ்ஃபர் கவுன்சில் யு.சி. அர்வைனில் நடத்தும் மாணவர் ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பச் சொன்னார் ஆசிரியர். 2023 வசந்தத்தில், பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, கை நடுங்க அங்கே பேசினேன். பின்னால் நான் படிக்கப்போகிற வளாகத்தில் கால் வைத்தது அன்றுதான் முதல் முறை.

சான்றிதழாக ஆனர்ஸ் என்ன தரும்? யு.சி.யின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யு.சி.எல்.ஏ.வுக்கு டேப் (TAP) என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் கம்யூனிட்டி காலேஜ்களின் ஆனர்ஸ் சான்று பெற்றவர்களுக்கு அங்கே இலக்கிய, அறிவியல் கல்லூரிச் சேர்க்கையில் முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. முன்னுரிமைதான், உத்தரவாதம் இல்லை. பொறியியலுக்கு இது பொருந்தாது. உங்கள் கல்லூரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று சேரும்போதே பாருங்கள். இந்தச் சான்றையும் நீங்கள் ஆனர்ஸ் ஒருங்கிணைப்பாளரிடம் உரிய நேரத்தில் கேட்க வேண்டும். யு.சி. விண்ணப்பத்தை நவம்பரில் அனுப்பினால், ஆனர்ஸ் சான்று குளிர்காலத்தில் தனியாகப் போகும். ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கும் படிவம் ஒன்றையும் யு.சி. கேட்கும். அதை மறந்தவர்களை எனக்குத் தெரியும்.

உத்தரவாதம் வேண்டுமென்றால் அதற்கு டேக் (TAG) என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பித்து, அவர்கள் சொல்லும் சராசரியையும் பாடங்களையும் முடித்தால் இடம் உறுதி. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ இதில் கிடையாது. நான் அர்வைனுக்கு டேக் போட்டேன், ஆனர்ஸ் சான்றோடு யு.சி.எல்.ஏ.வுக்கும் விண்ணப்பித்தேன். இரண்டும் கிடைத்தன. மகளின் பள்ளி நேரத்தையும் 405 நெடுஞ்சாலையையும் கணக்குப் போட்டு அர்வைனைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியென்றால் ஆனர்ஸுக்குப் பட்ட பாடு வீணா என்று அக்கா கேட்டார். அர்வைனில் முதல் பருவத்தில் பதினைந்து பக்கக் கட்டுரை கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. அந்த ஆறு பாடங்களும் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லாரும் ஜி.இ. சான்றின் பின்னால் ஓடக் கூடாது என்பதும் என் கருத்து. எங்கள் குடியிருப்பில் இயந்திரப் பொறியியல் ஆசையோடு ஒரு தம்பி இருக்கிறான். முதல் ஆண்டு முழுக்க வரலாறும் இசை ரசனையும் எடுத்து ஜி.இ. கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். கால்குலஸ் தொடங்கவே இல்லை. பொறியியல், கணினி அறிவியல், இயற்பியல் போன்ற துறைகளுக்குக் கணிதமும் இயற்பியலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். அந்தச் சங்கிலியில் ஒரு பருவம் தவறினால் ஓர் ஆண்டே தள்ளிப்போகும். அந்தத் துறைகள் முதலில் பார்ப்பது முதன்மைப் பாடத் தயாரிப்பைத்தான். ஜி.இ.யை அங்கே போயும் முடிக்கலாம். "அக்கா, இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லல?" என்றான். அடுத்த பருவத்திலிருந்து கால்குலஸ் எடுக்கிறான். யு.எஸ்.சி. போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தச் சான்று உதவாது, அவர்களுக்கு அவர்கள் பட்டியல்.

இப்போது சேர்கிறவர்களுக்குப் பட்டியலே மாறிவிட்டது. 2021-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, 2025 இலையுதிர் பருவம் முதல் சேர்பவர்களுக்கு ஐகெட்ஸிக்குப் பதில் கால்கெட்ஸி. பதினொரு பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட். முன்பு சி.எஸ்.யு. மட்டும் கேட்ட வாய்மொழித் தொடர்புப் பாடம் இப்போது எல்லாருக்கும் உண்டு, இன ஆய்வுகளுக்கும் ஒரு பாடம் உண்டு. எனக்குக் கைகொடுத்த மொழிப் பகுதி இந்தப் பட்டியலில் இல்லை. பட்டம் தருவதற்கு மொழித் தேர்ச்சியைத் தனியாகக் கேட்கும் இடங்கள் இன்னும் இருப்பதால், தமிழ் வழிக் காகிதங்களைப் பத்திரமாக வைக்கச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே சேர்ந்து இடைவெளி விடாமல் படிப்பவர்கள் பழைய பட்டியலிலேயே தொடரலாம். எந்தப் பட்டியல் உங்களுடையது என்பதைக் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் தெரிந்தவர் மகள் ஒருத்தி கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். உளவியல் படிக்க ஆசை. எங்கள் சாப்பாட்டு மேசையில் அசிஸ்ட் பக்கத்தைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பதினொரு கட்டத்தையும் வரைந்து, ஆனர்ஸ் பிரிவு இருக்கிற பாடங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டாள். கிளம்பும் முன் அவள் போனை வாங்கி, காலண்டரில் 2027 பிப்ரவரிக்குப் போய், "சான்றளிப்புக்கு விண்ணப்பி, மற்றக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் வந்துவிட்டதா பார்" என்று நானே எழுதி வைத்தேன்.